சிரிப்புக் கோடு

மாமாவின் வாய்க்குள் பார்ப்பது அவனுக்குப் பழக்கம். முகத்தைப் பார்ப்பதுதான் விட்டுப்போயிருந்தது. பதினோரு மாதமாக.

மாமா என்றால் மனைவியின் அப்பா. மனைவி இல்லை. ஒரு மாலை தலைவலி என்றாள். அவன் லேபில் ஒரு பல் அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தான். கலந்த பிளாஸ்டர் காத்திருக்காது. போனில் "மாத்திரை போட்டுப் படு, வந்துடறேன்" என்றான். போனபோது அவள் படுத்திருந்தாள். அவ்வளவுதான் கதை. அதற்குமேல் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மிச்சமிருந்தது இரண்டு ஆண்கள், இரண்டு அறை, ஒரு சமையலறை. மாமா முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் வாசலில் யாராவது தயங்கி நின்றால் "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்பார். சிரிக்கும்போது அவருக்கு வலது கன்னம் முதலில் ஏறும். இடது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே வரும். அவளுக்கும் அப்படித்தான். அதே கன்னம், அதே தாமதம். அவள் போன பிறகு அந்தச் சிரிப்பு உலகத்தில் ஒரே ஒரு முகத்தில்தான் இருந்தது.

அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட அவனால் முடியவில்லை. செய்தித்தாளை விரித்துக்கொள்வான். படிப்பதில்லை.

அவன் தொழில் பல் கட்டுவது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவன் மெழுகில் பல் அடுக்கி, பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவான். லேப் மூன்றாவது மாடியில். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டரம்மா. இரண்டுக்கும் நடுவே மூன்று மாடியும் ஒரு கிழட்டு லிஃப்டும். இதைச் சொல்லிவைக்கக் காரணம் உண்டு. அந்த ஒரு வாரத்தில் எந்த நிமிடமும் அவன் கீழே இறங்கியிருக்கலாம்.

மாமாவின் மேல் பல் செட்டைக் கட்டியது அவன்தான். இரண்டு வருடம் முன்பு. மெழுகில் அடுக்கிப் போட்டுப் பார்த்த அன்று அவளும் லேபுக்கு வந்திருந்தாள். பற்களை வரிசையாக, முத்துக் கோத்ததுபோல் அடுக்கியிருந்தான். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வலது பக்கம் அந்தக் கோரைப்பல்லைக் கொஞ்சம் முன்னால தள்ளு. பக்கத்துப் பல் மேல ஏறணும்."

"கோணலா இருக்குமே."

"ஒழுங்கா அடுக்கினா அது எங்கப்பா இல்ல. நீ கட்டின பல்லு."

தள்ளினான். மாமா கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். வலது கன்னம் ஏறியது. அவள் கைதட்டினாள். செட்டைக் கையில் கொடுத்தபோது அவன் விளையாட்டாக ஒன்று சொன்னான்: "பல்லில்லாம யார் முன்னாடியும் வாயைத் திறக்காதீங்க மாமா. என் பொழைப்பு கெட்டுரும்." மாமா அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். அவனைத் தவிர வேறு யார் முன்னாலும் அவர் செட்டைக் கழற்றியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மாமா லேபுக்கு வந்தார். லேபில் அவனோடு வேலை பார்ப்பவரை எல்லோரும் மாவு என்றே கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகப் பிளாஸ்டர் குழைத்து, புருவம்கூட வெளுத்துப்போன ஆள்.

"வாங்க கண்டக்டரே. எனக்கு வரவேண்டிய பாக்கிச் சில்லறை எங்க?"

"இறங்கறப்ப வாங்கிக்க."

"இருபது வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"நீ இன்னும் இறங்கலையே." மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாப்ள, தட்டு கடிக்குது."

மாமாவுக்குப் பல் செட் என்றால் தட்டு. "எங்க?" என்றான்.

"மேல. வலது பக்கம்."

அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கி விளக்கைத் திருப்பினான். செட்டைக் கழற்றினான். மேல் அண்ணத்தில், வலது பக்கம், நான்கைந்து சிவப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டின் மேல் வெள்ளையாக ஒரு சின்னத் தொப்பி. பல் கட்டுகிறவன் இதைப் பார்த்தால் ஒன்றுதான் நினைப்பான். செட் அழுத்துகிறது. நீல மைப் பென்சிலால் புண்ணின் மேல் தொட்டான். செட்டைத் திரும்ப மாட்டி அழுத்தினான். புண் இருந்த இடம் நீலமாகப் பிளாஸ்டிக்கில் பதிந்துகொண்டு வந்தது. கை மோட்டாரால் அந்த நீலத்தைத் தேய்த்து எடுத்தான்.

"இப்ப?"

"தேவலை" என்றார் மாமா. உடனே சொன்னார். அவ்வளவு உடனே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்.

"இன்னிக்குக் காது மாப்ள. வலது காது. உள்ள ஒருத்தன் ஊசியால குத்தறான், இன்னொருத்தன் விசிலடிக்கறான்."

"ரெண்டு விசிலா, ஒரு விசிலா?" என்றார் மாவு. பஸ்ஸில் ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ.

"ஒரே விசில்தான். நிக்கவே மாட்டேங்குது. எந்த டிரைவருக்குய்யா புரியும்?"

அவன் காதுக்குள் பார்த்தான். ஒன்றுமில்லை. பல் செட் ஒரு பக்கம் உயரமாக இருந்தால் தாடை மூட்டு நோகும். மூட்டு காதுக்கு முன்னால்தான் இருக்கிறது, வலி காதில் தெரியும். அவன் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கார்பன் தாளைக் கடிக்கச் சொன்னான். வலது பக்கம் ஒரு பல்லில் கறுப்பு அழுத்தமாக விழுந்தது. தேடினால் குறை கிடைக்காத செட் எதுவும் இல்லை. அந்தப் பல்லைத் தேய்த்தான். பிறகு அண்ணத்தைப் பார்த்தான். புள்ளிகள் கூடியிருந்தன. மறுபடி நீல மை. மறுபடி மோட்டார்.

புதன்கிழமை மாமா லிஃப்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"என்னாச்சு?"

"லிஃப்ட் நின்னுருச்சு. நான் இன்னும் நிக்கல. போய்க்கிட்டே இருக்கேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தும் மேஜையை விடவில்லை. மாவு டீ ஊற்றிக் கொடுத்தார். மாமா ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "பஸ் கம்பியை நக்கற மாதிரி இருக்கு."

"எத்தனை கம்பி நக்கியிருக்கீங்க?"

"முப்பத்து நாலு வருஷம்யா. கை வைக்காத கம்பி இல்ல."

அவன் சிரிக்கவில்லை. தேய்த்த பிளாஸ்டிக்கைச் சரியாக மெருகேற்றவில்லை, அந்த வாடைதான் நாக்கில் ஏறுகிறது என்று கணக்குப் போட்டான். செட்டை வாங்கி மெருகு போட்டு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தான். செட்டில்லாத மாமா கையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மாவுக்கு வாய் தெரியக்கூடாது.

மாவு அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "காது, தலைசுத்தல்னு என்னமோ சொல்றாரு. கீழ டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டேன்."

"நான் கட்டின செட்டு. நான் பார்த்துக்கறேன்."

"நீ கட்டினது செட்டை. வாயை இல்ல."

அவன் செட்டைத் துடைக்கப் போனான். பதினோரு மாதத்தில் அவன் கைக்குக் கட்டுப்பட்டிருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதிலும் தப்பு செய்துவிட்டான் என்று டாக்டரம்மாவிடம் போய் நிற்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை. வீடு. அவன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான். மாமா எதிரே தண்ணீர் குடித்தார். சொட்டுச் சொட்டாக மேஜையில் விழும் சத்தம் கேட்டது. குழாய் என்று நினைத்தான்.

"மாப்ள, தட்டை ரொம்பத் தேச்சுட்டியோ? உதடு நிக்க மாட்டேங்குது."

குரலில் காற்று ஒழுகியது. தாளைத் தாழ்த்தினான். வாயின் வலது மூலை சரிந்து கிடந்தது. அங்கிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவனும் அதையேதான் நினைத்தான். உதட்டை உள்ளிருந்து தாங்குவது செட். மூன்று நாள் தேய்த்ததில் தாங்கல் போய்விட்டது. இன்றைக்கே மெழுகு வைத்துப் பார்க்கவேண்டும், வலது ஓரத்தைத் தடிமனாக்கவேண்டும். மனம் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டே போனது. அப்போது மாமா கண் கொட்டினார். இடது கண் மூடித் திறந்தது. வலது கண் அவனையே பார்த்தபடி இருந்தது. மூடவில்லை. உள்ளே விழி மட்டும் மேலே ஏறி இறங்கியது.

கண்ணைப் பல் செட் தாங்குவதில்லை.

"கண்ணை மூடுங்க மாமா."

"மூடிட்டேனே."

அவன் எழுந்தான். நாற்காலி விழுந்தது. ஆட்டோவில் போகும்போது, பக்கவாதமோ என்று மாமாவின் இரண்டு கைகளையும் மாறி மாறி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். "என்ன மாப்ள, பழம் பழுத்துருச்சான்னு பார்க்கறியா?" என்றார் மாமா. பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் இளைஞர். வேகமானவர், நல்லவர். கைகளைத் தூக்கச் சொன்னார், மாமா தூக்கினார். நடக்கச் சொன்னார், தள்ளாடினார். புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றியின் இடது பாதி மட்டும் சுருங்கியது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

"பயப்படாதீங்க. பக்கவாதம் இல்ல. அதுல பெரும்பாலும் நெத்தி தப்பிச்சுக்கும். இவருக்கு நெத்தியும் சேர்ந்து படுத்துருச்சு. அப்ப முகத்து நரம்புதான்." விளக்கை எடுத்துக் காதுகளுக்குள் பார்த்தார். காது மடலை மடக்கி, பின்னாலும் பார்த்தார். "காதுலயோ, காதைச் சுத்தியோ கொப்புளம் எதாவது பார்த்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றான். உண்மை. காதில் எதுவும் இல்லை.

"வலி, தலைசுத்தல்?"

"இருக்கு."

"வாயைத் திறங்க பெரியவரே."

மாமா திறந்தார். டாக்டர் விளக்கடித்தார். அண்ணம் முழுவதும் அவன் வார்த்த இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக். புதன்கிழமை மெருகேற்றியது. பளபளத்தது.

"பல்லெல்லாம் ஜோரா வச்சிருக்கீங்களே."

"மாப்பிள்ளை கட்டினது" என்றார் மாமா.

அவனுக்குள் ஒரு துளி பெருமை எழுந்தது. அதை அவன் பிற்பாடு மறக்கவில்லை. அந்தத் துளியோடு சேர்ந்து, சொல்லலாமா என்ற எண்ணமும் எழுந்தது. வாயில் புண் இருக்கிறது, நான்கு நாளாக. ஆனால் அது செட் கடித்த புண். அவன் வேலையின் குறை. அதை இங்கே சொல்லி என்ன? செருப்புக் கடித்ததை இருதய டாக்டரிடம் சொல்வார்களா? வாயை மூடிக்கொண்டான்.

"வயசானவங்களுக்குத் தலைசுத்தல் சகஜம். இது சாதாரண முகவாதம். பெரும்பாலும் தானாவே சரியாகிடும்." கண்ணுக்குச் சொட்டு மருந்து, தலைசுற்றலுக்கும் வலிக்கும் மாத்திரை, நரம்புக்குச் சத்து மாத்திரை. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

பத்து நாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு மணிக்கு ஒரு தரம் வலது கண்ணில் சொட்டு விட்டான். படுக்கும்போது இமையை இழுத்து மூடி, காகிதப் பிளாஸ்திரி ஒட்டினான். அதற்கு முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பார்த்தான். வலது பாதி இஸ்திரி போட்டதுபோல் சுருக்கமே இல்லாமல் கிடந்தது. கன்னத்தைத் தொட்டால் சூடு இருந்தது. வேறொன்றும் இல்லை.

"இனிமே எனக்கு அரை டிக்கெட்தான்" என்றார் மாமா. சொல்லிவிட்டுச் சிரித்தார். இடது பக்கம் எப்போதும்போல் யோசித்துவிட்டுக் கிளம்பியது. முன்னால் போகவேண்டிய வலது பக்கம் வரவேயில்லை. இடது பக்கம் தனியாகப் போய் நின்றது.

அவன் கண் மருந்தை எடுத்துவைக்க எழுந்து போனான்.

திங்கட்கிழமை, சரியாக ஒரு வாரம். சாப்பிட முடியவில்லை, வாய் எரிகிறது என்றார் மாமா. ஜன்னலருகே உட்காரவைத்துச் செட்டைக் கழற்றினான். புதனுக்குப் பிறகு அவன் உள்ளே பார்க்கவேயில்லை. பார்த்தான்.

புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புண்ணாகியிருந்தன. மஞ்சள் படிந்த, ஓரம் சிவந்த புண். செட்டைத் திருப்பிப் பார்த்தான். அந்த இடத்தில் அவன் இரண்டு நாள் குடைந்த பள்ளம். ஒரு நாணயத்தை வைக்கலாம். அங்கே பிளாஸ்டிக் அண்ணத்தைத் தொடவே வழியில்லை. தொடாத செட் எப்படிக் கடிக்கும்?

மறுபடி வாய்க்குள் பார்த்தான். இந்தத் தடவை செட்டை மறந்துவிட்டுப் பார்த்தான். புண் வலது பக்கம் முழுவதும் சிதறியிருந்தது. நடுக்கோடு வரை வந்தது. அங்கே நின்றது. யாரோ அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, இதைத் தாண்டக்கூடாது என்று சொன்னதுபோல. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. முதல் நாளும் அப்படித்தான் இருந்தது. அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு சரி.

உடனே மாமாவைக் கூட்டிக்கொண்டு போனான். கீழ்த்தளத்து டாக்டரம்மா நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்தார். மாமா செட்டைக் கழற்ற மறுத்தார். அவன் கழற்றினான். மாமா கண்ணை மூட முயன்றார். ஒரு கண் மூடியது.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"செட்டு ரெண்டு பக்கமும்தானே உட்காருது?"

"ஆமாம்."

"அப்ப புண்ணு ஏன் நடுவுல நிக்குது?"

அவன் கையிலிருந்த செட்டைப் பார்த்தான்.

"என்னிக்குப் பார்த்தே?"

"போன திங்கக்கிழமை."

"முகம்?"

"வியாழக்கிழமை."

டாக்டரம்மா விரலை மடக்கி எண்ணினார். நாலாவது விரலில் நின்றார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். மேலே மூன்றாவது மாடியில் மோட்டார் ஓடும் சத்தம் கட்டடத்தின் குழாய் வழியாக லேசாகக் கேட்டது. மாவு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

காது டாக்டர் அன்று மதியமே பார்த்தார். காதுக்குள், வாய்க்குள், நாக்கின் ஓரத்தில். காதை மூடித் திறந்து ஒலி கேட்கவைத்தார். வலது காது பாதிக்கும் கீழே போயிருந்தது.

"சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"வந்துச்சு. ஏழு வயசுல."

"அதே கிருமிதான். போகாது, நரம்புல படுத்துத் தூங்கும். அறுபது வருஷம் கழிச்சு எழுந்திருச்சா அதுக்குப் பேர் அக்கி. முதுகுலயோ விலாவுலயோ வந்தா பட்டையா கொப்புளம் போடும், பார்த்தவுடனே எல்லாரும் சொல்லிடுவாங்க. இவருக்கு முகத்து நரம்புல எழுந்திருச்சிருக்கு. அதுலயும் காதுல கொப்புளம் வந்திருந்தா யாருக்கும் சந்தேகம் வராது. இவருக்கு வாய்க்குள்ள வந்திருக்கு. முகம் போறதுக்கு மூணு நாள் முன்னாடியே. சிலருக்கு முகம் போனப்புறம்தான் கொப்புளம் வரும். சிலருக்கு வரவே வராது, வலி மட்டும்தான். அதனாலதான் தப்பிப்போகுது." எழுதிக்கொண்டே சொன்னார். "எங்க இருந்தாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். நடுக்கோட்டைத் தாண்டாது. நரம்பு தாண்டாதே, அதனால."

"மருந்து?" என்றான்.

"இருக்கு. கிருமிக்கு ஒண்ணு, வீக்கத்துக்கு ஒண்ணு. முகம் சாஞ்ச மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சா நல்ல பலன். இப்பவும் தரேன். எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது." பேனாவை மூடினார். "ஒரு வாரமா புண்ணு இருந்திருக்கே. யாருமே வாய்க்குள்ள பார்க்கலையா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டர் காட்டல. பல்லு இல்லாம காட்ட வெக்கம்."

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றார் மாமா. தலை சுற்றும் என்றான். எனக்கு நின்னாலும் சுத்துது, ஓடினாலும் சுத்துது, ஓடுறதே மேல் என்றார். மதிய நேரம், கூட்டமில்லை. இரண்டு பேர் இருக்கையில் மாமா ஜன்னல் பக்கம். கைக்குட்டையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். அது அதுபாட்டுக்கு வழிந்தது. அழுகை இல்லை.

"நான் பார்த்தேன் மாமா" என்றான். "மூணு நாளும் பார்த்தேன். எங்கிட்டதானே காட்டினீங்க."

"ஆமாம்."

"அங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மாமா வெளியே பார்த்தார். கண்டக்டர் ஒருமுறை விசிலடித்தார், பஸ் நின்றது. இருமுறை அடித்தார், கிளம்பியது.

"தட்டு கடிக்கல மாப்ள. கழட்டி வச்சாலும் வலிச்சுது. திங்கக்கிழமையே தெரியும்."

அவனுக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் லேபுக்கு வந்தீங்க? நேரா டாக்டர்கிட்ட போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்தான்." கைக்குட்டையை மடித்தார். வார்த்தைகள் உதட்டின் ஓரம் ஒழுகின, அவர் ஒவ்வொன்றையும் விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "வீட்ல நீ பேப்பரைப் பார்க்கற. லேப்ல வந்து வலிக்குதுன்னா மோவாயைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கற. கேள்வி கேக்கற. ஒரு வருஷம் ஆகப்போகுது மாப்ள, நம்ம வீட்ல வேற யாரு இருக்கா என்னைக் கேக்கறதுக்கு?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவனும் பிடித்தான். இரண்டு பேரும் நெடுநேரம் அந்த ஒரு கம்பியையே பிடித்தபடி வந்தார்கள்.

வேளைக்கு வேளை மாத்திரை. அவன் காலண்டரில் கட்டம் போட்டு அடித்தான். புண் பத்து நாளில் ஆறியது. அண்ணம் துடைத்துவிட்டதுபோல் ஆனது. தலைசுற்றல் ஆறு வாரத்தில் அடங்கியது. காது வரவில்லை. முகத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, விரலால் கன்னத்தைத் தூக்கி, தூக்கியதை அங்கேயே நிறுத்தப் பார்க்கவேண்டும். காலையும் மாலையும் அவன் எதிரே உட்கார்ந்தான். செய்தித்தாளை நிறுத்திவிட்டான். "விசிலடிங்க மாமா." காற்று வந்தது. "கன்னத்தை உப்புங்க." உப்பவில்லை. "சிரிங்க." இதை மட்டும் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வான். பிறகு பார்ப்பான்.

பதினோரு மாதம் அந்தச் சிரிப்பு அங்கேயே இருந்தது. எதிர் நாற்காலியில், கேட்காமலே, விலையில்லாமல்.

நான்காவது மாதம் வலது கன்னத்தில் ஏதோ அசைந்தது. காது டாக்டரிடம் ஓடினான். அவர் பார்த்தார். நரம்பு வளர்கிறது என்றார். வளரும் நரம்பு சில சமயம் வழி தவறி வேறு தசையில் போய்ச் சேரும் என்றார். அதற்கும் மருந்து பெரிதாக இல்லை. பழகிக்கொள்ளவேண்டும், பயிற்சியை விடவேண்டாம்.

புதுச் செட் கட்டவேண்டியிருந்தது. பழையதைக் குடைந்த பள்ளத்தோடு போட்டுக்கொள்ள முடியாது. முகமும் மாறியிருந்தது. டாக்டரம்மாவே அச்செடுத்தார். கடி அளவையும் அவரே பார்த்தார். அவன் மேலே மெழுகு கட்டினான். ஒரு முற்பகல் மாமா லேபுக்கு வந்தார்.

"வாங்க கண்டக்டரே" என்றார் மாவு. "சில்லறை?"

"இந்தக் காதுல விழல" என்றார் மாமா, வலது காதைக் காட்டி.

"அந்தக் காதுல?"

"அது கெட்ட காது இல்ல. கெட்டிக்காரக் காது. அதுக்கும் விழல."

மாவு சிரித்தார். புருவத்திலிருந்து தூள் உதிர்ந்தது.

அவன் பற்கள் இன்னும் வைக்காத வெறும் மெழுகு வளைவை மாமாவின் வாயில் மாட்டினான். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். பல் அடுக்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு. ஆளைச் சிரிக்கச் சொல்வார்கள். சிரிக்கும்போது மேலுதடு எதுவரை ஏறுகிறதோ, அங்கே கத்தி முனையால் மெழுகில் ஒரு கோடு கீறுவார்கள். சிரிப்புக் கோடு என்று பெயர். பல்லின் உயரமெல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான்.

"சிரிங்க மாமா."

மாமா சிரித்தார். இடது உதடு ஏறியது. வலது உதடு ஓரத்தில் சற்றே துடித்து, இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வலது கண் மூடிக்கொண்டது. தானாக, இறுக்கமாக. நாலு மாதம் முன்பு மூடு என்றபோது மூடாத கண். சிரிக்கும்போதெல்லாம் இப்போது மூடுகிறது.

"மூடுது பார்த்தியா" என்றார் மாமா. மெழுகு வாயில் இருந்ததால் குழறியது. "சொல்லாமலே மூடுது."

"மூடுது மாமா."

இடது பக்கம் கோடு கீறினான். உயரத்தில் விழுந்தது. வலது பக்கம் கத்தியை வைத்தான். உதடு இருக்கும் இடத்தில் கீறினால் கோடு ஒரு விரல் அளவு கீழே. அந்த உயரத்தில் அடுக்கினால் கோரைப்பல் உதட்டுக்குள் புதைந்துபோகும், யாருக்கும் தெரியாது. பழைய இடத்தில் கீறினால் வராத உதட்டுக்காகப் பல் காத்துக்கொண்டு நிற்கும்.

"இன்னொரு தடவை" என்றான்.

மாமா இன்னொரு தடவை சிரித்தார். கண் மூடிக்கொண்டது.

மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. ஆறினால் கோடு விழாது, உடையும். கத்தியைச் சுடரில் காட்டினான். திரும்பினான். மாமா வாயைத் திறந்தபடியே, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னொரு தடவை மாமா" என்றான்.